ஏழு நிமிடத்தில் ஒரு பொத்தான்

முப்பது ஆண்டுகள் மருத்துவமனையில் செவிலியாக உழைத்துக் களைத்து, ஓய்வு பெற்ற மறுநாளே எங்கள் பெற்றோர் சங்கத்தின் சாவிக்கொத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்ட தலைவி அம்மா அவர்களே! சிறப்பு விருந்தினராக வந்து நடுநாயகமாக அமர்ந்து, நான் என்ன பேசப்போகிறேனோ என்று இப்போதே தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்ட நலத்துறை இணை இயக்குநர் ஐயா அவர்களே! அனுபவத்தால் நரைத்த தலையோடும் அன்பால் நிறைந்த மனத்தோடும் வந்திருக்கும் பெரியோர்களே!

பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே! மடியில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்ட பிள்ளையையும் மடியிலேயே வைத்திருக்கும் தாய்மார்களே! பிள்ளை அழுகிறதே, கூட்டத்துக்குத் தொந்தரவாயிற்றே என்று கூசி, வெளி வராந்தாவில் நின்று ஒலிபெருக்கியில் மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, உள்ளே வாருங்கள்! இது அழுகிற பிள்ளைகளின் கூட்டம். இங்கே கூச வேண்டியவர்கள் நாம் அல்லர். வந்திருக்கும் தந்தைமார்களே! எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். பதினொருவருக்கும் தனித்தனியாக என் வணக்கம்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. நம் சங்கத்தில் கை தட்டுவதில்லை. திடீரென்று ஆயிரம் கைகள் தட்டினால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் நடுங்கிப் போவார்கள். ஆகவே, ஒரு சொல் பிடித்திருந்தால் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டுவது இங்கே வழக்கம். சற்றுமுன் இணை இயக்குநர் ஐயா பழக்கத்தில் பலமாகத் தட்டிவிட்டார். மூன்றாம் வரிசையில் ஒரு குழந்தை நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. பரவாயில்லை ஐயா, தெரியாமல் செய்ததுதானே. தெரிந்தே செய்ததைப் பற்றித்தான் இப்போது பேசப்போகிறேன்.

நான் யார்? பட்டம் பெற்றவள் அல்லள், பதவி வகித்தவள் அல்லள். தையல்காரி. தையற்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் காலர் தைத்தேன், காஜா எடுத்தேன். பொத்தான் நுழைகிற துளைக்கு எங்கள் தொழிலில் காஜா என்று பெயர். மிஷின் பக்கத்தில் நாள் முழுக்க வானொலி பாடும், பேசும், முழங்கும். இந்த மேடைத் தமிழ் அங்கே காதில் விழுந்து ஒட்டிக்கொண்டதுதான். பிழை இருந்தால் வானொலியைக் கேளுங்கள்.

அதோ, முன்வரிசையில் சக்கர நாற்காலியில் பச்சை மேல்சட்டையோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் மகள். பதினொரு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். ஒரு வார்த்தை பேச வராது. ஆனால் காலையில் கண் விழித்தது முதல் 'ஆ' என்றும் 'ஊ' என்றும் அவள் போடுகிற அதிகாரம் இருக்கிறதே, அப்பப்பா, வீட்டில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது! இடது கை இறுகியிருக்கும். வலது கையில் மூன்று விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். நான் எங்கே எழுந்து நின்றாலும் வீட்டுக்குக் கிளம்புகிறோம் என்று நினைத்துக்கொள்வாள். பாருங்கள், நான் மைக் முன்னால் வந்ததுமே மேல்சட்டையின் முதல் பொத்தானைப் பிடித்துவிட்டாள். பிடிக்கட்டும். சரியாமல் பக்கத்து இருக்கை அம்மா ஒருவர் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவள் வேலையை அவள் பார்க்கட்டும், என் வேலையை நான் பார்க்கிறேன்.

அந்தப் பொத்தானை அவள் கற்றுக்கொள்ளப் பதினான்கு மாதங்கள் ஆயின. பதினான்கு நாள் என்று நினைத்துவிடாதீர்கள், மாதம்! முதலில் கனத்த கோட்டுக்குப் போடும் பெரிய பொத்தானை ஒரு துணித்துண்டில் தைத்துக் கொடுத்தேன். காஜாவை வேண்டுமென்றே பெரிதாக வெட்டினேன். ஒழுங்கான தையல்காரி எவளும் அப்படி வெட்டமாட்டாள். மாதத்துக்கு ஒரு நூல் அளவு காஜாவைக் குறைத்தேன், பொத்தானைக் குறைத்தேன். எத்தனை நாள் துணியைக் கடித்திருப்பாள்! எத்தனை நாள் தூக்கி என் முகத்திலேயே எறிந்திருப்பாள்! நானும் சும்மா இருந்தேனா? "போதும்டி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்" என்று துணியைப் பறித்து மூலையில் வீசியிருக்கிறேன். அவள் 'ஆ' என்று அலறுவாள். மறுபடி எடுத்துக் கொடுத்தால்தான் அடங்குவாள்.

நான் வேலைக்கு லீவு போட்டிருந்த ஒருநாள் காலையில் போட்டுவிட்டாள். உண்மைச் சட்டையில், உண்மைப் பொத்தானை! ஆனால் மூன்றாம் பொத்தானை நான்காம் காஜாவில் போட்டுவிட்டாள். சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கோணிக்கொண்டு நின்றது. நான் தையல்காரி ஐயா! தெருவில் போகிறவர் சட்டையில் நூல் தொங்கினால்கூட எனக்குக் கை பரபரக்கும். அன்று கோணல் சட்டையோடு என் மகள் பள்ளிக்கூட வேனில் ஏறினாள், நான் அந்தக் கோணலைத் தொடவில்லை. வேன் தெருமுனை திரும்பும்வரை சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்று அழுதேன்.

இப்போது மதிப்பீட்டுக்கு வருகிறேன்.

இங்கிருக்கும் தாய்மார்களுக்குச் சொல்லத் தேவையில்லை, விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, நம் பிள்ளைக்கு இன்னும் குறை இருக்கிறது என்று நாம் நேரில் போய் நிரூபிக்க வேண்டும். அலுவலகம் இரண்டாம் மாடியில். லிப்டின் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை. வெயில்பட்டு எழுத்தே வெளுத்துப்போன அட்டை. அந்த அட்டை பழுதானால் புதிய அட்டை மாட்டுவார்கள். முப்பத்தொரு கிலோ எடையுள்ள மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாற்பத்து நான்கு படிகள் ஏறினேன். நடக்க முடியாத பிள்ளைக்கு நடக்க முடியவில்லை என்று சான்று வாங்க மாடிப்படியா? யார் ஐயா இதை யோசித்தது? யோசித்தவர் நன்றாக இருக்கட்டும், முழங்காலோடு நன்றாக இருக்கட்டும்.

உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு பாரம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. மதிப்பீடு செய்தவர் ஓர் இளம்பெண். அன்பாகத்தான் பேசினார். பதினேழாவது கேள்வி கேட்டார்.

"ஏம்மா, பாப்பா தானே சட்டை போட்டுப்பாளா?"

அங்கேதான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். எந்த அம்மாவும் செய்கிற தவறு.

"போட்டுப்பா மேடம்! போன மாசத்துலேர்ந்து பொத்தான் அவளே போடுறா! பதினாலு மாசம் மேடம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பாக்குறீங்களா? வாயாடி, மேடத்துக்குக் காட்டும்மா!"

காட்டினாள். நாக்கை வெளியே நீட்டி, மூச்சைப் பிடித்து, எச்சில் ஒழுகுவதையும் பாராமல், ஒரு பொத்தானைப் போட்டுக் காட்டினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம்.

"அட! சமத்து! வெரி குட்!" என்றார் அந்தப் பெண். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கலங்கிய கண்ணோடுதான் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். நானும் பூரித்துப்போய், மகளைத் தூக்கிக்கொண்டு நாற்பத்து நான்கு படிகளையும் பூப்போல இறங்கி வந்தேன். முட்டாள்! முழு முட்டாள்!

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மனப்பாடமாகச் சொல்கிறேன். "பயனாளி தமது அன்றாடத் தேவைகளைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளும் நிலையை எட்டியுள்ளதால், காலைநேர வீட்டு உதவியாளர் சேவை இம்மாத இறுதியுடன் நிறுத்தப்படுகிறது. தங்கள் குழந்தையின் முன்னேற்றத்துக்கு வாழ்த்துகள்."

வாழ்த்துகளாம்! கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, 'பார்த்துப் போங்க' என்று சொன்னதுபோல.

காலைநேர உதவியாளர் என்றால் யார்? எங்கள் வீட்டில் அவருக்குக் காலை அக்கா என்று பெயர். ஆறு மணிக்கு வருவார். குளிப்பாட்டுவார், உடை மாற்றுவார், ஊட்டுவார், வேனில் ஏற்றி, வேனிலேயே கூடப் போய், வகுப்பில் உட்காரவைத்துவிட்டு வருவார். துணையாள் இல்லாமல் வேனில் ஏற்றமாட்டார்கள், அது பள்ளியின் விதி. என் கணவர் ரொட்டிக்கூடத்தில் அடுப்பு வேலைக்கு விடியுமுன்னே போய்விடுவார். எனக்குத் தையற்கூடத்தில் ஏழரைக்குள் மிஷின் முன்னால் இருந்தாக வேண்டும். காலை அக்காவின் அந்த இரண்டரை மணி நேரத்தின் மீதுதான் எங்கள் வீடே நின்றுகொண்டிருந்தது. ஒரு பொத்தான் போட்டாள் என்பதற்காக அவள் குளியல் போயிற்று, அவள் வேன் போயிற்று, அவள் பள்ளிக்கூடம் போயிற்று, என் வேலையும் போயிற்று. இதற்குப் பெயர் முன்னேற்றமா? நீங்கள் சொல்லுங்கள், முன்னேற்றமா?

என்னம்மா, அங்கே? "அநியாயம்" என்கிறீர்களா? கத்தாதீர்கள் அம்மா, பிள்ளைகள் பயப்படும். கையைத் தூக்குங்கள். அப்படி! இணை இயக்குநர் ஐயா திரும்பிப் பார்க்கிற மாதிரித் தூக்குங்கள்.

அதற்குள் பாருங்கள், முதல் பொத்தான் முடிந்து இரண்டாவதில் இருக்கிறாள்.

நான் கேட்கப் போனேன், சும்மா விடுவேனா? கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் எழுத்தர்.

"அதான் உங்க பொண்ணு தேறிட்டாளே, சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"பொத்தான் போட்டா வேன்ல ஏறிடுவாளா சார்?"

"அது வேற கேள்விம்மா. இருபத்தி மூணாவது. இப்போ மாத்த முடியாது. மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தபோதுதான், பக்கத்தில் ஒரு தாய். சலவைக்கடை வைத்திருக்கிறவர், இருபது வயது மகனை ஆண்டுதோறும் அந்தப் படியில் ஏற்றிப் பழகியவர். என் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, பைத்தியமா நீ? யாராவது பெருமையைப் போய் அந்த ரூம்ல காட்டுவாங்களா? மொத நாள் சரியாத் தூங்கவிடாத. புதுச் சட்டை போடாத. தலை வாராத. கூப்பிட்டா திரும்பக் கூடாது, சிரிச்சா போச்சு. நான் என் பையனை மூணு நாள் பழக்கித்தான் கூட்டிட்டு வருவேன்."

பழக்குவது என்றால் என்ன பழக்கம்? எல்லாப் பிள்ளைகளையும் அம்மாக்கள் பரீட்சைக்குத் தேறப் பழக்குகிறார்கள். நம் பிள்ளைகளை மட்டும் தோற்கப் பழக்குகிறோம்! எங்கே நடக்கிறது இந்தப் பள்ளிக்கூடம்? நலத்துறையின் சொந்த வராந்தாவில், நலத்துறையின் சொந்த பெஞ்சில் நடக்கிறது.

அன்று அதே வராந்தாவில் ஒரு தந்தை இருந்தார், பேருந்து ஓட்டுநர். இங்கே வந்திருக்கிற பதினொருவரில் அவரும் ஒருவர், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அவருடைய மகனுக்கு எண்ணப் பிடிக்கும். படி, விளக்கு, சன்னல் கம்பி, எதைக் கண்டாலும் எண்ணுவான். எண்ணச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், பேருந்தின் சீட்டுகளைக் காட்டிக் காட்டி. அன்று அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைகிறபோது பையன் மேலே விளக்குகளைப் பார்த்துவிட்டான். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்க, உற்சாகமாக ஆரம்பித்தான். ஓட்டுநர் சட்டென்று அவன் வாயைப் பொத்தினார். எண்ணச் சொல்லிக்கொடுத்த அதே கை! விரல் இடுக்கு வழியாகப் பையன் "நாலு" என்றான். அப்பாவைப் பார்த்து, தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி "மூணு" என்றான்.

தப்பா எண்ணினது அவன் இல்லடா ராஜா! தப்பா எண்ணினது அந்த பாரம்!

என்ன தெரியும் அந்த பாரத்துக்கு? போடுவாளா என்று கேட்கிறது. எத்தனை நேரத்தில் போடுவாள் என்று கேட்கிறதா? சாப்பிடுவானா என்று கேட்கிறது. யார் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறதா? தூங்குவாளா என்று கேட்கிறது. தாய் எப்போது தூங்குவாள் என்று என்றாவது கேட்டதுண்டா? ஐந்து பொத்தான் போட முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடமும் நாற்காலியில் அவள் சரியாமல் இடுப்பைப் பிடித்தபடி ஒருத்தி நிற்க வேண்டும். அந்த ஒருத்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறாள்? ஆமிலா, இல்லையிலா?

அந்த ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்று சொல்கிறேன். அதோ, மேசைமேல் பளபளப்புக் காகிதம் சுற்றி வைத்திருக்கிறார்களே, அந்தக் கேடயத்தில் இருக்கிறாள். 'தியாகச் சுடர்' என்று பொறித்திருக்கிறார்களாம். இன்று எனக்குக் கொடுக்கப்போகிறார்களாம். போன வாரம் துறையிலிருந்து தொலைபேசி வந்தது. "விழாவுக்கு வந்துடுங்கம்மா, கேடயம் வாங்கிட்டு நாலு வார்த்தை நன்றி சொன்னா போதும்" என்றார்கள். மன்னிக்க வேண்டும், நாலு வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது.

ஐயா, தியாகம் என்றால் நானாக விரும்பிக் கொடுப்பது. என் வேலையை நான் கொடுக்கவில்லை, பிடுங்கினீர்கள். என் மகளின் பள்ளிக்கூடத்தை நான் கொடுக்கவில்லை, பறித்தீர்கள். பறித்துக்கொண்டு தியாகம் என்று பெயர் சூட்டினால் பொறுப்பேனா? நான் சுடர் என்றால் நீங்கள் மண்ணெண்ணெயா? எங்களைத் தெய்வம் என்கிறீர்கள், தேவதை என்கிறீர்கள். தெய்வத்துக்கு முதுகு வலிக்காது, எனக்கு வலிக்கிறது. கேடயம் வேண்டாம், அதை நீங்களே எடுத்துப் போங்கள். காலை அக்காவைத் திருப்பி அனுப்புங்கள்!

கைகளைப் பார்க்கிறேன். நன்றி. நன்றி. போதும், இறக்குங்கள், பேச வேண்டியது இன்னும் இருக்கிறது.

சேவை நின்று நான்கு மாதம் ஆகிறது. நான் வீட்டிலேயே மிஷின் போட்டு, கிடைத்த கிழிசலைத் தைக்கிறேன். ஆனால் காலை எட்டு மணிக்கு அந்த வேன் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. ஏழேகாலுக்கே என் மகள் பொத்தானைப் பிடித்துவிடுகிறாள். யாரும் சொல்வதில்லை, தானாகவே. ஐந்து பொத்தானையும் போட்டு முடித்துச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்காமல் போய்விடும். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். வாயாடி அந்த நேரத்தில் மட்டும் சத்தமே போடமாட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை, மிஷினை வேகமாக மிதிப்பேன். நான்கு மாதமாக என் மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், தான் சரியாகப் போடவில்லை, அதனால்தான் வேன் நிற்கவில்லை என்று!

நாளை காலை பத்து மணிக்கு மறுமதிப்பீடு. எல்லோரும் எனக்கு நல்ல யோசனைதான் சொன்னார்கள். "பொத்தான் இல்லாத சட்டையா போட்டுக் கூட்டிட்டுப் போ" என்றார் சலவைக்கடை அக்கா. பொத்தான் இல்லாத சட்டை! தைக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. உண்மையைச் சொல்கிறேன், துணியை வெட்டியும் விட்டேன். வெட்டிய துணியை அவள் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காஜாவைத் தேடினாள். மூன்று விரலாலும் தடவித் தடவித் தேடினாள்.

அந்தத் துணியை நான் தைக்கவில்லை. தைக்கவும் மாட்டேன். என் மகள் கற்றதை நான் ஒளிக்க மாட்டேன். நாளை ஐந்து பொத்தான் வைத்த சட்டையில்தான் வருவாள், ஐந்தையும் போடுவாள். 'ஆம்' என்று எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள்! அதன் பக்கத்திலேயே மூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள்: எவ்வளவு நேரம், யார் துணையோடு? அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நான் அந்த அறையை விட்டு எழமாட்டேன். தாய்மார்களே, உங்கள் முறை வரும்போது நீங்களும் எழாதீர்கள். பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். கூப்பிட்டால் திரும்பட்டும். ஓட்டுநர் அண்ணா, உங்கள் மகன் அந்த விளக்குகளை எண்ணி முடிக்கட்டும், மொத்தம் எத்தனை என்று நாங்களும் தெரிந்துகொள்கிறோம். உரிமையைக் கேட்க நம் பிள்ளை ஊமையாக நடிக்க வேண்டாம்.

முடிக்கிறேன். தலைவி அம்மாவுக்கு நன்றி. மைக்கைச் சத்தம் குறைத்து, பிள்ளைகள் பயப்படாமல் பார்த்துக்கொண்ட ஒலிபெருக்கித் தம்பிக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமையாகக் கேட்காமல் சத்தம் போட்ட பிள்ளைகளுக்கும் நன்றி.

என்ன ஐயா, கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்? அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதா? இருங்கள். நான் பேச எழுந்தபோது என் மகள் முதல் பொத்தானைப் பிடித்தாள். இப்போது மூன்றாவதை முடித்திருக்கிறாள். என் கோபம் முழுவதையும் நான் பேசி முடிக்க ஆன நேரம், அவளுக்கு மூன்று பொத்தான். இன்னும் இரண்டு இருக்கிறது. பதினான்கு நிமிடம். அவள் கிளம்பத் தயாராகும்வரை இந்தக் கூட்டம் கலையாது. தயவுசெய்து உட்காருங்கள் ஐயா. நாங்கள் தினமும் காத்திருக்கிறோம், இன்று எங்களோடு நீங்களும் காத்திருங்கள்.

வாயாடி, அவசரமே இல்லம்மா. நீ போடு.

அனைவருக்கும் வணக்கம்.